மாப்பிள்ளையின் மூத்த தாரம்

ஒண்ணும் ஆகல. பச்சையாத்தான் இருக்கு. ஓலை ஒவ்வொண்ணையும் பாத்துட்டேன், வெளிய போறப்ப எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு, கொஞ்சம் வெறப்பா இருக்கு, அம்புட்டுதான். குளுருல போயிட்டு வந்தா யாருதான் வெறச்சுப் போக மாட்டா. நானுந்தான் குப்பை போடப் போயிட்டு வந்தா மூக்கு இருக்கா இல்லையான்னு தடவிப் பாத்துக்கிறேன், பெறகு ஒரு வாய் காப்பி உள்ள போனா சரியாப் போகுது. அது மாதிரி இதுவும் செத்த நேரத்துல சரியாயிரும். செடிக்குக் காப்பியா குடுக்க முடியும், சூடு பட்டாப் போதும், ரூமுக்குள்ளதான் சூடு ஓடிக்கிட்டே இருக்கே. எந்திரிச்சுப் போயி அந்தக் குருத்த ஒரு தடவை தொட்டுப் பாத்துட்டா மனசு ஆறும். எங்குட்டு எந்திரிக்க. காலை நீட்டி உக்காந்துருக்கேன், கால் மேல பேத்தி தூங்குறா, எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டுன தூக்கம், மரத்தை உள்ள இழுத்துட்டு வர்றதுக்காக ஒரு தடவை கீழ போட்டதுக்கே வீல்னு கத்தித் தீத்துட்டா. மறுபடி அமத்தித் தூங்க வச்சுருக்கேன். அசையக் கூடாது. அசையாம உக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருக்கணும், அதுதான் எனக்கு விதிச்சிருக்கு போல. பச்சையாத்தான் இருக்கு. ஒரு அஞ்சு நிமிசம்னுதான் வச்சேன்.

இந்த வினிபெக்ல வந்து எறங்குன அன்னைக்கு இந்த ரூமப் பாத்துட்டு எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. வெளிய ஆள் உசரத்துக்குப் பனி கெடக்கு, உள்ள போனா காடு. வாழை, செம்பருத்தி, விசிறி மாதிரி ஓலை விரிச்ச ஏதேதோ குட்டிப் பனை, கறிவேப்பிலை, எல்லாத்துக்கும் நடுவுல கண்ணாடிக் கதவை அடைச்சுக்கிட்டு இந்தப் பெரிய மரம். பாம் மரம்னு சொல்றாக. எனக்குப் பாத்தா ஈச்ச மரத்துக்கும் தென்னைக்கும் பொறந்த பிள்ளை மாதிரி இருக்கு. சக்கரம் வச்ச பலகை மேல பெரிய தொட்டி, தொட்டிக்கு அடியில சூடு குடுக்க ஒரு பாய், காத்து காஞ்சு போகக் கூடாதுன்னு ஆவி விடுற மெசினு, பொழுது சாஞ்சா ஊதா கலர்ல ஒரு லைட்டு. ஞாயித்துக்கிழமையானா மாப்ள ஈரத் துணிய வச்சு ஓலை ஓலையாத் தொடைப்பாரு. அதப் பாத்துத்தான் மேகலா சொன்னா, "அதான்மா உம் மாப்ளையோட மூத்த தாரம், நான் ரெண்டாந்தாரம், வந்து கும்பிட்டுக்க" அப்டின்னு. நானும் விடல, "சக்களத்திக்குத் தண்ணி ஊத்துறியாடி ஒழுங்கா"ன்னு கேட்டேன். மாப்ளயும் சிரிச்சாரு. அப்ப எல்லாருந்தான் சிரிச்சோம். பிள்ளை பொறக்குறதுக்கு முந்தி. மேகலாவுக்கு வயித்துல இருக்குறப்ப வெளையாட்டா இருந்த பேச்சு, பிள்ளை வெளிய வந்ததும் வெளையாட்டா இல்ல.

ஏன்னா இந்த வீட்டுல வெயில் வர்றது இந்த ஒரு ரூமுக்குத்தான். மத்த சன்னல் எல்லாம் பக்கத்து வீட்டுச் செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. பேத்திக்குக் கண்ணு மஞ்சப் பூத்திருந்துச்சு. டாக்டரம்மா ஒண்ணும் பயம் இல்ல, நல்லாப் பால் குடுங்க, தானா எறங்கிரும்னு சொன்னாகளாம். நான் அங்கன்வாடியில எத்தனை பிள்ளைகளத் தூக்கி வளத்தவ, எனக்குத் தெரியாதா. பச்சப்பிள்ளைக்கு இளவெயில் காட்டணும், வெயில் பட்டாத்தான் மஞ்சள் எறங்கும், எலும்பு எறுகும். மேகலா புருசன்கிட்டக் கேட்டா, அந்த ரூம்ல பாப்பாவப் போடணும், செடிய எங்கிட்டாவது நகத்துங்கன்னு. அவரு, "குளிர்காலம் முடியட்டும் மேகலா, இப்ப நகத்துனா தாங்காது, வெளிச்சம் இல்லாட்டி போயிரும்" அப்டின்னாரு. இவ, "வெளிச்சம் இல்லாட்டி எம் பிள்ளை மட்டும் தாங்குமா"ன்னு கேட்டா. கேட்டுட்டு, அந்தப் பச்ச ஒடம்புக்காரி வாயில வரக் கூடாத வார்த்தை வந்துருச்சு, "என்னைக்காவது ஒரு நாள் இதத் தூக்கிப் பனியில போடப் போறேன், பாத்துக்கிட்டே இருங்க." மாப்ள சாப்புட்டுக்கிட்டு இருந்த தட்டை எடுத்துட்டுப் போயிக் கழுவி வச்சுட்டு இந்த ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டாரு. நான் அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். எனக்குள்ள என்ன ஓடுச்சு அப்ப? நல்லாக் கேளுடி, இன்னும் நாலு கேளுன்னு ஓடுச்சு. மாமியாக்காரி மனசு அப்படித்தான் போல, மகளுக்கு ஒண்ணுன்னா மாப்ள மனுசனாவே தெரிய மாட்டாரு.

காலையில கண்ணத் தொறந்தா அப்படி ஒரு வெயில். மேகம்னு மருந்துக்குக் கூட இல்ல, நீலமா வானம், பனி மேல பட்டு வெயில் கண்ணக் கூசுது. எங்க ஊருல இப்படி ஒரு வெயில் அடிச்சா மொளகா காயப் போடலாம், வத்தல் போடலாம். ஒடம்புக்கு அந்த வெயில்தான் தெரியுது, அது ஏமாத்து வெயில்னு தெரிய மாட்டேங்குது. மேகலா மாடியில அசந்து தூங்குறா, விடிய விடியப் பால் குடுத்த அசதி. பேத்தியக் குளிப்பாட்டி, சாம்பிராணி இல்ல, இங்க பொகை போட்டா மணி அடிக்குது வீடே, அதுனால துண்டுலயே தலையத் தொவட்டி, இந்த ரூமுக்குத் தூக்கிட்டு வந்தேன். வந்தா இந்த மரம் வெயில முழுசா வாங்கிக்கிட்டு ராணி கணக்கா நிக்குது. நெழலுதான் விழுகுது எங்களுக்கு. பிள்ளையக் கீழ படுக்கப் போட்டுட்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி, பலகையோட சேத்து உருட்டி வெளிய மரப்பலகை போட்ட தளத்துல நிறுத்திட்டு, கதவைச் சாத்துனேன். சாத்துனப்ப முகத்துல அடிச்ச குளுரு ஊசியாக் குத்துச்சு. குத்துச்சுல்ல? அப்பத் தெரிஞ்சுச்சுல்ல? தெரிஞ்சுச்சு. அஞ்சு நிமிசந்தானன்னு நெனச்சேன். பேத்தியக் கால்ல போட்டு வெயில்ல காட்டுனேன். ஆத்தாடி, அந்தப் பிஞ்சுப் பாதம் ரெண்டும் வெயில்ல செவந்து, வெரலு விரியுது, வாயக் குமிச்சு ஒரு கொட்டாவி. எம் மகளப் பெத்தப்ப கூட நான் அப்படி ஒக்காந்து பாத்ததில்ல, அப்ப மாமியா வீட்டு வேலை, தண்ணி எடுக்கணும், ஆக்கணும். இப்பத்தான் கெடச்சுது. பெறகு கண்ணசந்துட்டேன்.

பச்சையாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பச்சை வேற மாதிரி இருக்கு. முன்ன வெளுத்த பச்சை, இப்பக் கருத்த பச்சை. தண்ணியில போட்டு எடுத்த மாதிரி ஒரு மினுமினுப்பு. அந்தக் கீழ் ஓலை, அது நிமிந்துதான இருந்துச்சு, இப்பக் கொஞ்சம் எறங்கியிருக்கோ? இல்ல, முன்னயும் அப்படித்தான் இருந்துச்சு. இல்ல, எறங்குது. கண்ணு முன்னாடி எறங்குது. வெறப்பு போகுது, வெறப்பு போனா நல்லதுதான, ஒடம்பு எளகுது, சூடு ஏறுது, அப்டின்னு சொல்லிப் பாக்குறேன், ஆனா மூக்குக்குத் தெரியுது. கீரைய வேக வச்சா வருமே ஒரு வாடை, அது வருது. அடியே தவமணி, என்னையத்தான் கேக்குறேன், நீ போன வாரம் என்ன பண்ணுன? மெசின்ல போட்டா சேலை பாழாப் போகும்னு கையில அலசி, வெயிலு நல்லா அடிக்குதேன்னு அதே தளத்துல கொண்டு போயிப் போட்ட. செத்த நேரம் கழிச்சுப் போனா சேலை பலகை மாதிரி நிக்குது, மடக்குனா ஒடியும் போல. மேகலா வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா, தையலு வலிக்குதும்மான்னு அழுதுக்கிட்டே சிரிச்சா, போட்டோ எடுத்து ஊருல இருக்குற எங்க வீட்டுக்காரவுகளுக்கு அனுப்பிச்சா. அவுக போனப் போட்டு, "ஒம் வாயி சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்காதுடி"ன்னு வஞ்சாக. மாப்ளதான் பக்கத்துல உக்காந்து வெளக்கமாச் சொன்னாரு, இங்க வெயிலுக்கும் சூட்டுக்கும் சம்பந்தம் இல்ல அத்தை, மேகம் இல்லாத நாள்லதான் குளிரு கூட, இந்தக் குளிருல செடி ஒரு அஞ்சு நிமிசம் நின்னாலே உள்ள இருக்க தண்ணி ஐசாகி வெடிச்சிரும்னு. வெடிச்சிரும்னு சொன்னாரு. தலைய ஆட்டிக் கேட்டேன். ஓ, அப்படியா மாப்ளன்னு கேட்டேன். பெறகு எப்படி நான் போயித் தெரியாதுன்னு சொல்லுவேன்?

அவரு நம்புவாரே, அதுதான் சொல்ல விடமாட்டேங்குது. அந்த மனுசன் என்னைய எப்படி வச்சிருக்காரு. வந்த புதுசுல பனிச் செருப்பு மாட்டத் தெரியாம நான் தடுமாறுறேன், சடார்னு முட்டி போட்டுக் கீழ உக்காந்து, எங் காலப் பிடிச்சு, வார இழுத்துக் கட்டுறாரு. "ஐயையோ மாப்ள, காலத் தொடாதீங்க, பாவம் வந்து சேரும்"னு கத்திட்டேன். "எங்கம்மாவுக்குக் கட்ட மாட்டேனா அத்தை"ன்னு சொல்லிட்டு மத்தக் காலையும் கட்டிவிட்டாரு. எங்க ஊருல எந்த மாப்ள கட்டுவான்? மாமியா எதுக்க வந்தா வேட்டிய எறக்கி விடுறதே பெரிய மரியாதை. நெறையப் பேச மாட்டாரு. ஒரே ஒரு நாள்தான் பேசுனாரு, இதே ரூம்ல, ஓலையத் தொடச்சுக்கிட்டே. "படிக்க வந்தப்ப மூணு பேரு சேந்து எடுத்த ரூம் அத்தை. யாரோ வீடு காலி பண்ணிட்டுப் போறப்ப இதக் குப்பையில வச்சிட்டுப் போயிருந்தாங்க, வெரல் உசரந்தான் இருந்துச்சு. அந்தக் குளிர்காலம் பூரா எனக்கு யாரோடயும் பேசப் பிடிக்கல. காலேசுக்கும் போகல கொஞ்ச நாள். இதுக்குத் தண்ணி ஊத்தணுமேன்னுதான் தெனமும் எந்திரிப்பேன்." அப்படிச் சொன்னாரு. பெத்தவங்ககிட்டக் கூடச் சொல்லியிருக்க மாட்டாரு. எங்கிட்டச் சொன்னாரு. நான் என்ன பதில் சொன்னேன்? "அதான் இப்பப் பிள்ளை பொறந்துருச்சுல்ல மாப்ள, இனிமே அதுக்காக எந்திரிங்க." அப்டின்னு சொன்னேன். நல்லது சொல்றதா நெனப்பு. அவரு சிரிச்சாரு, சிரிச்சிட்டுத் துணியப் பிழிஞ்சாரு.

நடு ஓலை சாஞ்சிருச்சு. சத்தமே இல்லாம, கை சோந்து விழுகுற மாதிரி விழுந்துருச்சு. வெந்நி ஊத்தலாமா? தல காய வைக்கிற மெசின் மேகலாகிட்ட இருக்கு, சூட்டுக் காத்து அடிக்கலாமா? எஞ் சால்வையப் போத்தலாமா? செத்தவுகளுக்குப் போத்துறதுக்குத்தான் ஆகும். எந்திரிச்சா பேத்தி முழிப்பா. பேத்தி முழிப்பாங்குறத ஒரு சாக்கா வச்சுக்கிட்டு உக்காந்துருக்கேனோ? ஆமா, சாக்குதான். தொட்டா அது கையோட வந்துருமோன்னு பயம். மத்தியானச் சோத்துக்கு வந்துருவாரு. வந்தா செருப்பக் கழட்டுவாரு, கையக் கழுவுவாரு, பேத்திய ஒரு பார்வை பாப்பாரு, பெறகு இங்கதான் வருவாரு. வந்து பாத்தா என்ன நெனைப்பாரு? என்னைய நெனைக்க மாட்டாரு. அத்தை செய்வாங்கன்னு அந்த மனுசனுக்குத் தோணாது. மேகலாவத்தான் நெனைப்பாரு. என்னைக்காவது ஒரு நாள் பனியில போடுவேன்னு சொன்னவ அவதான. சொன்னபடி செஞ்சிட்டான்னு நெனைப்பாரு, கேக்கவும் மாட்டாரு, தட்டைக் கழுவி வச்சுட்டுக் கதவைச் சாத்திக்குவாரு. கேட்டாச் சண்டை வரும், சண்டை வந்தாத் தீரும். கேக்காம வச்சுக்கிட்டா அது எந்தக் காலத்துல தீரும்? நான் டிக்கெட்டக் கிழிச்சுக்கிட்டு ஊரப் பாத்துப் போயிருவேன், இவ இங்க இந்தப் பனியில ஒரு வாய்ச் சொல்லு இல்லாத வீட்டுல கைப்பிள்ளையோட கெடப்பா. பிரசவம் பாக்க வந்தவ மகளுக்குச் செஞ்சிட்டுப் போன சீரு இதுதானா? வேலியில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைன்னு சொல்லுவாக, நான் எம் மகளோட மடியிலல்ல விட்டுட்டேன்.

ஒண்ணும் சொல்லாம இருந்துட்டா? தானா வாடிருச்சு மாப்ள, என்னமோ பூச்சி விழுந்துருக்கும். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்க முடியுமா. தளத்துப் பனியில சக்கரத் தடம் ரெண்டு கோடு போட்டாப்ல கெடக்கு, தொட்டி நின்ன எடத்துல சக்கரம் அழுந்துன குழி கெடக்கு. வெளக்கமாத்த வச்சுக் கூட்டிரலாம்தான். அடச்சீ, என்ன புத்தி இது, திருட்டுக் கழுத. சொல்லிரு தவமணி. சொல்லிரு. கண்ணசந்துட்டேன் மாப்ள, வயசான கட்டை, வெயில் எதமா இருந்துச்சு, அசந்துட்டேன், அப்டின்னு சொல்லிரு. அது பொய்யில்லையே. பொய்யில்ல. அசந்தது நெசந்தான். ஆனா. ஆனா நடுவுல ஒரு தடவை முழிச்சேன். முழிச்சேன்ல? முழிச்சேன். பேத்தி காலை ஒதறுனா, முழிச்சேன். முழிச்சு நேராக் கண்ணாடியத்தான் பாத்தேன். அந்தப் பக்கம் இது நிக்குது, காத்துல கூட ஆடல, செல மாதிரி நிக்குது. அஞ்சு நிமிசம் எப்பவோ தாண்டிருச்சுன்னு அந்த நெழலப் பாத்தாலே தெரியும், நெழலு அங்கிட்டு இருந்து இங்கிட்டு வந்துருச்சு. உள்ள இழுக்கணும்னு தோணுச்சு. தோணுனதுக்குப் பெறகு இன்னொண்ணும் தோணுச்சு. கெடக்கட்டும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை, வாயால கூடச் சொல்லல, உள்ள மட்டும். கெடக்கட்டும். இத்தனை நாள் சூடு, ஆவி, லைட்டு எல்லாம் அதுக்குத்தான, ஒரு நாள் எம் பேத்திக்கு இருக்கட்டும், அது கெடக்கட்டும். அப்படி நெனச்சிட்டுத்தான் மறுபடி கண்ண மூடுனேன். அசந்தா மூடுனேன்? வேணும்னேல்ல மூடுனேன். தூக்கம் பெறகுதான் வந்துச்சு.

மாடிப்படியில காலடிச் சத்தம், மேகலா எறங்கி வர்றா, மார்ல பால் கட்டிருச்சும்மா, பாப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே வர்றா. வாசல்லயே நின்னுட்டா. மரத்தப் பாக்குறா, தளத்தப் பாக்குறா, என்னையப் பாக்குறா. "அம்மா." "ம்." "என்னம்மா பண்ணுன?" வாயத் தொறந்தா அழுகைதான் வருது. கிட்டப் போயி ஓலையத் தொடுறா, அது அவ வெரல்ல அப்படியே கொழகொழன்னு மடங்குது. கையத் தொடச்சுக்கிட்டா. இவளுக்குப் பிடிக்காத மரம், சக்களத்தின்னு வஞ்ச மரம், இப்பத் தொடச்ச கைய வாயில வச்சுக்கிட்டு நிக்குறா. "ஐயோ, அவரு செத்தே போயிருவாரும்மா" அப்டின்னா. பெறகு பக்கத்துல உக்காந்து பிள்ளைய வாங்கிப் பால் குடுக்க ஆரம்பிச்சா. கால் ரெண்டும் மரத்துப் போயிருச்சு எனக்கு. "நீ தெரியாம வச்சேன்னு சொல்லு"ன்னா. "இல்லடி..." "சும்மா இரு. வெயிலப் பாத்து ஏமாந்துட்டேன்னு சொல்லு. ஊருல இருந்து வந்தவ, உனக்கென்ன தெரியும். நீ என்ன சொன்னாலும் அவரு நம்புவாரு." "அதுனாலதான்டி சொல்ல முடியல." "அப்ப நான் பண்ணுனேன்னு சொல்லிர்றேன். எங்கூட ரெண்டு நாள் பேச மாட்டாரு, அவ்வளவுதான். உங்கூடப் பேசாம இருந்துட்டா நீ தாங்க மாட்ட." என்னையப் பெத்தவ மாதிரி பேசுறா. "வாய மூடுடி, நீ ஒண்ணும் என்னையக் காப்பாத்த வேணாம்"னு வஞ்சேன். வையுறதுதான் எனக்குத் தெரியும். அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா"ன்னா. அவளும் அதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்கா.

கார் வந்துருச்சு. கதவு தொறக்குற சத்தம், செருப்பு ரெண்டையும் தட்டிப் பனிய உதுக்குற சத்தம், தண்ணி ஓடுற சத்தம். "பாப்பா என்ன பண்றாங்க"ன்னு கேட்டுக்கிட்டே வர்றாரு. வந்தாரு. சிரிச்ச முகத்தோட வந்தாரு, அந்தச் சிரிப்பு முகத்துலயே கொஞ்ச நேரம் நிக்குது, எறங்குறதுக்கு எடம் தெரியாத மாதிரி. மரத்துக்கிட்டப் போனாரு. ஓலையத் தொடல. நேரா நடுக் குருத்தப் பிடிச்சு லேசா இழுத்துப் பாத்தாரு. அது கையோட வந்துருச்சு. வெண்டைக்காய் மாதிரி நுனி கருத்து, ஈரமா. அதக் கையில வச்சுக்கிட்டே திரும்பி மேகலாவப் பாத்தாரு. நான் சொன்னேன்ல, அவளத்தான் பாப்பாருன்னு. கோவமே இல்ல அந்தப் பார்வையில, கோவம் இருந்தாத் தேவலையே. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா, வாயத் தொறக்கப் போறா, சொல்லிருவா, இவ சொல்லிருவா. "மாப்ள, நான்தான்" அப்டின்னேன். சத்தம் அலறுன மாதிரி வந்துச்சு, பேத்தி பால் குடிக்கிறத விட்டுட்டு முழிக்கிறா. "நான்தான் வெளிய வச்சேன். பாப்பாவுக்கு வெயில் மறைச்சுச்சுன்னு வச்சேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, மேல தூங்கிக்கிட்டு இருந்தா."

அவரு முகம் அப்படியே எளகுது. மேகலா இல்லைன்னு தெரிஞ்சதுல ஒரு மூச்சு விட்டாரு, அதப் பாத்தேன். எங்கிட்ட வந்து தரையில உக்காந்தாரு. "பரவாயில்ல அத்தை. வெயிலப் பாத்து ஏமாந்துட்டீங்க. நானே வந்த புதுசுல அப்படித்தான், வெயில் அடிக்குதுன்னு சட்டையோட வெளிய போயிக் காது போகப் பாத்துச்சு. உங்களுக்கு எப்படித் தெரியும்? விடுங்க, அழாதீங்க." முடிஞ்சுபோச்சு. இந்தா, கையில குடுத்துட்டாரு. மகளும் தப்பிச்சா, நானும் தப்பிச்சேன். ஆமா மாப்ளன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இன்னைக்கு ராத்திரி எல்லாரும் உக்காந்து சோறு திங்கலாம். மேகலா கண்ணக் காட்டுறா, சொல்லும்மா, சொல்லும்மான்னு. அவரு கையில அந்தக் குருத்து இன்னும் இருக்கு. "இல்ல மாப்ள"ன்னேன். "ஏமாறல. நடுவுல முழிச்சேன். பாத்தேன். உள்ள இழுக்கணும்னு தெரிஞ்சுச்சு. கெடக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆவி விடுற மெசின் மட்டும் உஸ்சுன்னு ஓடுது. வைங்க மாப்ள, ஒரு வார்த்தை வஞ்சுருங்க, கூறு கெட்ட பொம்பளைன்னு சொல்லுங்க, ஊருக்குப் போன்னு சொல்லுங்க, எனக்கு வேணும் அது. அவரு அந்தக் குருத்தத் தொட்டி மண்ணு மேல வச்சாரு, ஒடஞ்சது தெரியாத மாதிரி நட்டு வச்சாப்ல. "நீங்க அப்படி நெனைக்கிற அளவுக்கு நான் விட்ருக்கக் கூடாது அத்தை" அப்டின்னாரு. அதச் சொல்லிட்டு எந்திரிச்சாரு, ஆவி மெசின அணைச்சாரு, வாழைத் தொட்டியத் தூக்குனாரு. "எங்கங்க கொண்டு போறீங்க?"ன்னு மேகலா கேக்குறா. "கீழ நெலவறையில வச்சிர்றேன்." "கீழயா? கீழ சன்னலே கெடையாதே, ஒரு மாசம் தாங்குமா? எனக்கு வேணாங்க, நான் கோவத்துல சொன்னேன்." "பாப்பாவுக்கு எடம் வேணும்ல" அப்டின்னாரு, சாதாரணமா, கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்ற மாதிரி. படியில எறங்குறாரு. ஏறி வர்றாரு. செம்பருத்தி, அந்த விசிறி ஓலைக்காரி, அவளோட தங்கச்சி. கறிவேப்பிலைய மட்டும் அடுப்படியில கொண்டு போயி வச்சாரு, சமையலுக்கு ஆகும்னு. செத்த மரத்தக் கடைசியா, பலகையோட உருட்டி, கதவத் தொறந்து வெளிய விட்டாரு, இனிமே குளுரு அத என்ன செய்யும். நான் செவுத்தப் பிடிச்சு எந்திரிச்சேன், மரத்துப் போன காலு ஊசி ஊசியாக் குத்துது. "மாப்ள, வேணாம் மாப்ள, நான் கையெடுத்துக் கும்பிடுறேன், வேணாம்." "இல்லத்தை, சரியாத்தான் இருக்கு" அப்டின்னாரு. மூலையில ஒரே ஒரு சின்னத் தொட்டி மிச்சம் இருந்துச்சு, டம்ளர் தண்டி, ரெண்டு எல விட்ட குட்டி. நாமளாவது இதச் சேதாரம் இல்லாமக் கொண்டு போயிக் குடுப்போம்னு குனிஞ்சு எடுத்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்திட்டுத் திரும்புனவரு பாத்தாரு. ரெண்டு கையயும் நீட்டி, எங் கையில பட்டும் படாம அத வாங்கிக்கிட்டாரு. "குடுங்கத்தை, நீங்க பாப்பாவ வச்சுக்கங்க." மேகலா பிள்ளைய எங் கையில குடுத்துட்டு அவரு பின்னாடியே கீழ போனா. இந்த ரூம்ல இப்ப நானும் பேத்தியும் மட்டும்தான் இருக்கோம், நான் கேட்ட மாதிரியே.